வேலை நடக்கும் இடமே வகுப்பறை

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவனின் கட்டுரை)



ஆறாம் செமஸ்டர் தொடங்கிவிட்டால் நம் கல்லூரியில் அதிகம் காதில் விழும் கேள்வி, "என்ன புராஜெக்ட் மச்சி?" என்பதுதான். அதற்கு வழக்கமாக வரும் பதிலும் நமக்குத் தெரியும். "இன்னும் முடிவாகல. டவுன்ல ஒரு கடை இருக்காம். காசு குடுத்தா மாடலும் ரிப்போர்ட்டும் சேத்தே குடுத்துடுவாங்களாம்." நாலைந்து பேர் பங்கு போட்டுப் பணம் கட்டுகிறார்கள். பெயின்ட் அடித்த மாடல் ஒன்று வந்து சேருகிறது. வைவா முடிந்த மறுநாள் அது ஸ்டோர் ரூம் மூலைக்குப் போய்விடுகிறது. நம்முடைய மூன்று வருடப் படிப்பின் கடைசிப் பாடம் இப்படித்தான் முடிய வேண்டுமா?

யாரையும் குறை சொல்லவோ, புத்தி சொல்லவோ நான் எழுதவில்லை. நானும் உங்களில் ஒருவன்தான். வேலையில் இருக்கும் மேலாளர்கள் படிக்கிற எம்.பி.ஏ. படிப்பில் ஒரு புராஜெக்ட் முறை உண்டு. அதைப் பற்றி கொஞ்சம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, "இது பெரிய கம்பெனி ஆபீசர்களுக்கு மட்டும் சொந்தமான முறை இல்லை, நம்மால் இன்னும் நன்றாகவே செய்ய முடியும்" என்று தோன்றியது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. என்றால் என்ன?

சாதாரண எம்.பி.ஏ. படிப்பவர் பட்டம் முடித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் கல்லூரிக்குப் போய்ப் படிப்பார். எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. படிப்பவர் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர். வாரநாளில் வேலை, வார இறுதியிலோ மாலையிலோ வகுப்பு. இப்படிப் படிப்பவருக்கு ஆய்வுக்கூடம் எது? அவர் வேலை பார்க்கும் இடமேதான்! அதனால் இத்தகைய படிப்புகள் பலவற்றில், தான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஒரு நிஜப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, வகுப்பில் படித்ததை அதில் பயன்படுத்தி, விளைவைக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

சரக்கு ஏன் கிடங்கில் தேங்குகிறது? வாடிக்கையாளர் புகார் ஏன் குறையவில்லை? லாரி ஏன் அரை நாள் கேட்டில் நிற்கிறது? இவையெல்லாம் அவர்களுக்குப் புராஜெக்ட் தலைப்புகள். பெரும்பாலும் இரண்டு வழிகாட்டிகள் இருப்பார்கள். ஒருவர் கல்லூரிப் பேராசிரியர், இன்னொருவர் நிறுவனத்தைச் சேர்ந்த அனுபவசாலி. பேராசிரியர், "உன் முறை சரியா?" என்று கேட்பார். நிறுவனத்துக்காரர், "இதனால் எனக்கு என்ன பயன்?" என்று கேட்பார். இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னால்தான் புராஜெக்ட் தேறும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

வேலையையும் படிப்பையும் சேர்த்துக் கட்டும் யோசனை முதலில் பொறியியல் படிப்பில்தான் பிறந்தது. 1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களோடு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மாணவர்கள் கொஞ்ச காலம் வகுப்பில், கொஞ்ச காலம் தொழிற்சாலையில் என்று மாறி மாறி இருப்பார்கள். 1916இல் எம்.ஐ.டி. நிறுவனம் வேதிப் பொறியியலுக்கு 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்ற முறையைத் தொடங்கியது. மேலாண்மைப் படிப்புக்கு இது பிறகுதான் வந்தது. வேலையில் இருப்பவர்களுக்கான முதல் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. படிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1943இல் தொடங்கியது.

வேலையிடப் புராஜெக்ட் முறைக்கு ஒரு தத்துவம் கொடுத்தவர் என்று இங்கிலாந்துக்காரர் ரெக் ரெவன்ஸைச் சொல்லலாம். 1907இல் பிறந்து 2003இல் மறைந்தவர். சுவாரசியமான மனிதர்! 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பிரிட்டன் சார்பில் நீளம் தாண்டியவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தவர். பின்பு பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் பயிற்சிப் பொறுப்புக்கு வந்தார். சுரங்க மேலாளர்களுக்கு வெளியிலிருந்து நிபுணர்களைக் கூட்டிவந்து பாடம் நடத்துவதைவிட, அவர்களையே சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்து, ஒருவர் சுரங்கத்தின் பிரச்சினையை மற்றவர் கேள்வி கேட்க வைப்பது அதிகப் பலன் தரும் என்று கண்டார். 'செயல்வழிக் கற்றல்' என்று நாம் சொல்லக்கூடிய முறை இதுவே. அவருடைய சூத்திரம் ரொம்பச் சுலபம்:

கற்றல் = ஏற்கெனவே உள்ள பாட அறிவு + சரியான கேள்வி

நம் செமஸ்டர் பேப்பர்கள் எல்லாம் முதல் பாதியைச் சோதிக்கின்றன. இரண்டாவது பாதியைச் சோதிக்க நமக்கு இருக்கும் ஒரே இடம் புராஜெக்ட்தான். அதையும் கடையில் வாங்கிவிட்டால் கேள்வி கேட்கப் பழகுவது எப்போது?

நம் நாட்டில்

ராஜஸ்தானில் உள்ள பிட்ஸ் பிலானி, எம்.ஐ.டி. முறையைப் பின்பற்றி 1973இல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' தொடங்கியது. 1979 முதல் வேலையில் இருப்பவர்களுக்கென்றே தனிப் படிப்புகளை நடத்தி வருகிறது. இதில் படிப்பவருக்கு அவர் வேலை பார்க்கும் நிறுவனத்திலேயே ஒரு வழிகாட்டி இருப்பார். கடைசி செமஸ்டர் புராஜெக்ட் அங்கேதான் நடக்கும். டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களும் இந்த வழியில் பட்டம் பெற்றிருக்கிறார்கள் என்பதை நாம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ.விலும் புராஜெக்ட் ஒரு தனிப் பாடமாக வந்தது. முதலில் முன்மொழிவு எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும், அப்புறம்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பெங்களூர் ஐ.ஐ.எம். 1998இல் மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவர்களுக்காக ஒரு மேலாண்மைப் படிப்பைத் தொடங்கியது.

"அதெல்லாம் எம்.பி.ஏ.காரங்களுக்கு. நமக்கென்ன இருக்கு?" என்று கேட்கலாம். இருக்கிறது! தமிழ்நாட்டின் சாண்ட்விச் டிப்ளமோ இதே யோசனையின் பிள்ளைதான். மூன்றரை வருடப் படிப்பின் நடுவிலும் கடைசியிலும் தொழிற்சாலைப் பயிற்சி வருகிறது. கோவை பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக் போன்ற இடங்களில் படித்த அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு, டிப்ளமோ முடித்தவர்களும் ஓராண்டு அப்ரன்டிஸ் பயிற்சி பெற வழி வந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போய் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஓரமாக நின்ற நாட்கள்

இன்பிளான்ட் டிரெயினிங்கில் நான் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். பதினைந்து நாளில் முக்கால்வாசி நாட்கள் எங்களை ஓரமாக நிற்க வைத்தார்கள். "எதையும் தொடாதீங்க" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பாடம். மீதி நாட்களில் பெட்டி தூக்கச் சொன்னார்கள். கடைசியில் சர்டிபிகேட் மட்டும் சரியாக வந்தது. இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. நம்மில் பலருக்கும் இதே அனுபவம்தான் என்று ஹாஸ்டல் பேச்சில் தெரிந்தது.

அங்கே லேத்தில் இருந்த ஒரு அண்ணன் டீ நேரத்தில் சொன்னார்: "தம்பி, மெஷின் ஓடறத எல்லாரும் பாக்கறாங்க. மெஷின் நிக்கிற நேரத்தப் பாருங்க. எப்ப நிக்குது, எதுக்கு நிக்குதுன்னு எழுதுங்க. அதுல இருக்கு எல்லாம்." அன்று மாலையே நோட்டில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தோம். ஓரமாக நிற்பவனுக்கும் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. புராஜெக்ட்டின் முதல் படியும் இதுதான் என்று பிறகு படித்தபோது அந்த அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

ஓசூர் தரும் சாட்சி

2004 பிப்ரவரி 9ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்து ஊர்தான். சிப்காட் வளாகம் வந்த பிறகு அந்த ஊரின் முகமே மாறியது. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் அங்கிருந்து வந்தது. அசோக் லேலண்ட் ஆலையும் அதே ஆண்டில் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தை உருவாக்க, கடிகாரத் தொழிற்சாலையும் ஓசூருக்கு வந்தது.

2002ஆம் ஆண்டு டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் டெமிங் பரிசு பெற்றது. இது ஜப்பான் 1951 முதல் தரக் கட்டுப்பாட்டுக்காக வழங்கிவரும் பரிசு. அதே குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998இலேயே இதைப் பெற்றிருந்தது. இந்தப் பரிசுக்கு வருகிற தேர்வாளர்கள் பளபளப்பான கட்டடத்தைப் பார்த்து மார்க் போடுவதில்லை. பிரச்சினையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எப்படி அளந்தீர்கள், திரும்ப வராமல் எப்படித் தடுத்தீர்கள் என்று கீழ்மட்டம் வரை கேட்பார்கள்.

அந்தக் கீழ்மட்ட வேலையின் பெயர் தர வட்டம். அதாவது குவாலிட்டி சர்க்கிள். 1962இல் ஜப்பானில் பேராசிரியர் கவோரு இஷிகாவா காலத்தில் தொடங்கியது. நம் நாட்டில் 1980இல் ஹைதராபாத் பி.எச்.இ.எல். ஆலையில் முதலில் வந்தது. ஒரே பிரிவில் வேலை பார்க்கும் சில தொழிலாளர்கள் கூடி உட்கார்ந்து, தங்கள் வேலையில் உள்ள ஒரு பிரச்சினையைத் தாங்களே தேர்ந்தெடுத்து, அளந்து, தீர்த்து, மேலதிகாரிகள் முன் விளக்குவார்கள். யோசித்துப் பாருங்கள்! மேலாளர் எம்.பி.ஏ.வில் செய்யும் அதே புராஜெக்ட்டை ஆபரேட்டர் ஷிஃப்ட் முடிந்த பிறகு செய்கிறார். மேலே மேலாளருக்கும் கீழே ஆபரேட்டருக்கும் இது முடியும் என்றால், நடுவில் நிற்கப்போகும் டிப்ளமோகாரனுக்கு மட்டும் முடியாதா?

நல்ல புராஜெக்ட்டுக்கு என்ன அடையாளம்?

இத்தனையும் படித்ததில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். பிரச்சினைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். "இது தீர்ந்தால் எனக்கு நிம்மதி" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவர் முதலாளியாகவும் இருக்கலாம், ஆபரேட்டராகவும் இருக்கலாம், வரிசையில் காத்து நிற்கும் விவசாயியாகவும் இருக்கலாம். கடை மாடலுக்குச் சொந்தக்காரர் கிடையாது. அதனால்தான் அது ஸ்டோர் ரூமுக்குப் போகிறது.

ஒரு உதாரணத்தோடு படிகளைப் பார்ப்போம். இது கற்பனைக் கணக்கு. முறையைப் புரிந்துகொள்ள மட்டும்.

ஒரு சின்னப் பட்டறை. மூன்று லேத். பெரிய கம்பெனிக்குப் புஷ் கடைந்து கொடுக்கிறார்கள். நாளைக்கு 400 பீஸ். "ரிஜெக்ஷன் ஜாஸ்தியா இருக்கு தம்பி" என்கிறார் முதலாளி. இங்கே பிரச்சினைக்குச் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்.

முதல் படி: எண்ணுங்கள். 'ஜாஸ்தி' என்பது அளவு இல்லை. 12 வேலை நாட்களுக்கு ஒரு செக் ஷீட் போடுங்கள். மொத்தம் 4,800 பீஸில் 288 ரிஜெக்ட் என்று வருகிறது. அதாவது 6 சதவீதம். இப்போதுதான் பிரச்சினைக்கு ஒரு உருவம் வந்திருக்கிறது.

இரண்டாம் படி: பிரியுங்கள். 288இல் துளை பெரிதானது 150. நீளம் குறைந்தது 62. கீறலும் பிசிறும் 46. மற்றவை 30. இதைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் கட்டம் வரைந்தால் அதுதான் பரேட்டோ வரைபடம். பாதிக்கு மேல் ஒரே காரணம்! துளை சிறிதாக இருந்தால் திரும்பக் கடைந்து சரிசெய்யலாம். பெரிதாகிவிட்டால் ஸ்கிராப்தான். ஆகவே எங்கே கை வைக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

மூன்றாம் படி: எப்போது, எங்கே என்று கேளுங்கள். செக் ஷீட்டில் நேரத்தையும் எழுதியிருந்தால், துளை பெரிதான பீஸ்கள் பெரும்பாலும் இன்செர்ட் மாற்றிய உடனே வருகின்றன என்று தெரிகிறது. ஏன்? மாற்றியதும் முதல் பீஸைச் சோதிப்பதில்லை. ஏன்? பிளக் கேஜ் பக்கத்தில் இல்லை. ஏன்? மூன்று மெஷினுக்கும் சேர்த்து ஒரே கேஜ், அதுவும் சூப்பர்வைசர் மேஜையில். ஒவ்வொரு தடவையும் நடந்து போய் எடுத்து வந்தால் பீஸ் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் திட்டு விழும். ஆபரேட்டர் அசட்டையாக இருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். காரணமோ மேஜை மேல் இருந்தது!

நான்காம் படி: சின்னதாகச் செய்து பாருங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கேஜ். இன்செர்ட் மாற்றினால் முதல் பீஸைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குத் திட்டு கிடையாது என்று முதலாளியே சொல்ல வேண்டும். புதிதாக வாங்க வேண்டியவை இரண்டு கேஜ்தான்.

ஐந்தாம் படி: மறுபடி எண்ணுங்கள். அடுத்த 12 நாளில் அதே 4,800 பீஸில் துளை பெரிதானது 36, மற்றவை எல்லாம் சேர்த்து 134, மொத்தம் 170 என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீதம் சுமார் 3.5 சதவீதமாகிவிட்டது. 118 பீஸ் மிச்சம். பீஸுக்கு 40 ரூபாய் என்றால் 4,720 ரூபாய். இரண்டு கேஜுக்கும் சேர்த்து 3,000 ரூபாய் என்றால் எட்டு நாளில் போட்ட பணம் திரும்பிவிடும்.

ஆறாம் படி: உங்களையே சந்தேகப்படுங்கள். இந்த 12 நாளில் வேறு ஏதாவது மாறியதா? புது லாட் இரும்பு வந்ததா? அனுபவமான ஆபரேட்டர் வந்தாரா? நாம் பக்கத்தில் நின்று பார்ப்பதால் மட்டும் கவனமாக இருந்தார்களா? ஒரு மாதம் கழித்துப் போய், யாரும் எதிர்பாராத ஒரு நாளில் எண்ணிப் பாருங்கள். அப்போதும் குறைந்தே இருந்தால்தான் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லலாம்.

இதில் ஹைட்ராலிக் மாடல் இல்லை, ரோபோ இல்லை, பெயின்ட் இல்லை. ஆனால் எக்ஸ்டெர்னல் சார் என்ன கேட்டாலும் பதில் இருக்கும். ஏனென்றால் ஒவ்வொரு எண்ணும் நாம் நின்று எண்ணியது.

அவர்களுக்கு உள்ளது, நமக்கு உள்ளது

எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. மாணவரிடம் நம்மிடம் இல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, உள்ளே போக அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரண்டு, "இனிமேல் இப்படிச் செய்யுங்கள்" என்று சொல்லும் அதிகாரம்.

அதே சமயம் அவருக்கு ஒரு கஷ்டமும் உண்டு. தன் மேலதிகாரியைப் பற்றியே எழுத வேண்டி வந்தால்? தவறு தன் துறையிலேயே இருந்தால்? சம்பளம் வாங்கும் இடத்தைப் பற்றி உண்மை எழுதுவது லேசுப்பட்ட காரியமா! அதனால் பாராட்டுப் பத்திரம் போல ரிப்போர்ட் எழுதி முடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. நமக்கு அந்தக் கட்டு இல்லை. வெளியாள் என்பதால் எதையும் கேட்கலாம். "இது ஏண்ணா இப்படி இருக்கு?" என்று ஒரு மாணவன் கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. அதே கேள்வியை மேனேஜர் கேட்டால் ஆபரேட்டர் வாயைத் திறக்க மாட்டார். இந்தச் சலுகை மாணவனாக இருக்கும்வரைதான். இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்வோம்.

கம்பெனிக் கதவு திறக்காவிட்டால்?

ஓசூரின் பெரிய ஆலைகள் எல்லோருக்கும் இடம் தர முடியாது. பரவாயில்லை. நம் மாவட்டத்திலேயே பிரச்சினைகளுக்கும் பஞ்சமில்லை, சொந்தக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. துறைவாரியாகச் சில யோசனைகள்:

இயந்திரவியல்: பக்கத்து ஊர் லேத் பட்டறை, அரிசி ஆலை, சீசனில் ஓடும் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாம்பழக் கூழ் ஆலைகள். மெஷின் எதனால் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது?

மின்னியல்: ஒரு சின்னப் பட்டறையின் மின் கட்டண ரசீதுகளை ஒரு வருடத்துக்கு வாங்கிப் பாருங்கள். பவர் ஃபேக்டர் எவ்வளவு? வேலையில்லாமல் சும்மா சுற்றும் மோட்டார் எது? பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் அனுமதி கிடைத்தால் பார்க்க வேண்டியது ஏராளம்.

கட்டடவியல்: நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக அவதிப்பட்ட ஊர்கள் நமக்குத் தெரியும். அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் ஏறுகிறது, கடைசித் தெருக் குழாயில் எவ்வளவு வருகிறது, நடுவில் எங்கே ஒழுகுகிறது? ஒரு குடமும் கைக்கடிகாரமும் போதும். பஞ்சாயத்துத் தலைவர்தான் உங்கள் பிரச்சினையின் சொந்தக்காரர்.

கணினி, மின்னணுவியல்: தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் விவசாயி, கூட்டை இறக்கியதிலிருந்து பணம் கைக்கு வரும்வரை எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? முதலில் அதைக் குறித்துவிட்டு அப்புறம் புரோகிராம் எழுதுங்கள். புரோகிராமை எழுதிவிட்டு அதற்குப் பிரச்சினை தேடுவதுதான் இப்போது நடக்கிறது.

நான்கு எச்சரிக்கைகள்

1. அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். நிறுவனத்தின் விலை, வாடிக்கையாளர் விவரங்களை ரிப்போர்ட்டில் போடுவதற்கு முன் கேளுங்கள்.

2. ஓடும் மெஷினில் கை வைக்காதீர்கள். தொளதொள சட்டையும் செருப்பும் பட்டறைக்கு ஆகாது. எந்தப் புராஜெக்ட்டும் ஒரு விரலுக்கு ஈடாகாது.

3. செக் ஷீட்டில் ஆபரேட்டர் பெயரை எழுதாதீர்கள். மெஷின் நம்பரை மட்டும் எழுதுங்கள். நம்மை நம்பிப் பேசியவருக்கு நம் ரிப்போர்ட்டால் மெமோ வந்தால் அது பாவம். "இரண்டு ஆளைக் குறைக்கலாம்" என்று எழுதுவது சுலபம். அந்த இரண்டு பேரும் நம் அப்பா வயதுக்காரர்கள், நம் ஊர்க்காரர்கள் என்பதை மறக்க வேண்டாம். வீணாகும் இரும்பைக் குறைப்போம், வேலையாளைக் குறைக்க வேண்டாம்.

4. புராஜெக்ட் என்ற பெயரில் சம்பளமில்லாத ஆளாக நம்மைப் பயன்படுத்த இடம் கொடுக்காதீர்கள். முதல் நாளே என்ன வேலை, எத்தனை நாள், யார் வழிகாட்டி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

நம் சங்கத்துக்கு வேண்டுகோள்

கேள்வி கேட்கத் தெரிந்த டிப்ளமோகாரனுக்கும் தெரியாத டிப்ளமோகாரனுக்கும் வித்தியாசம் எங்கே தெரியும்? வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே தெரியும். ஒருவன் காண்ட்ராக்ட் ஆளாகவே நிற்கிறான். இன்னொருவனை, "அந்தப் பையனக் கூப்பிடுங்க, அவன் பாத்தா காரணத்தக் கண்டுபுடிச்சிடுவான்" என்று தேடுகிறார்கள். வருடா வருடம் நம் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிற நாம், இந்த இருவரில் யாராகப் போகிறோம் என்பதுதான் இங்கே பணயம்.

ஆகவே நம் மாணவர் சங்கம் நான்கு காரியங்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, மாணவர்களை ஏற்கத் தயாராக உள்ள பட்டறைகள், ஆலைகள், பஞ்சாயத்துகளின் பட்டியலைத் தயாரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். இரண்டாவது, ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்களை இரண்டாவது வழிகாட்டிகளாக அழைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு மணி நேரம் பேசினாலே போதும். மூன்றாவது, எடுத்துப்போகக் கல்லூரி முத்திரையோடு ஒரே மாதிரியான அனுமதிக் கடிதத்தை ஹெச்.ஓ.டி. சார்களிடம் கேட்டு வாங்கித் தர வேண்டும். நான்காவது, நல்ல புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை லைப்ரரியில் வைத்து, அடுத்த செட் மாணவர்கள் அதே பட்டறைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தொடர வழி செய்ய வேண்டும். ஒரு பட்டறையை மூன்று செட் மாணவர்கள் தொடர்ந்து பார்த்தால், அந்தப் பட்டறை முதலாளியே அடுத்த வருடம் நம்மைத் தேடி வருவார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். ஏட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஏட்டோடு தோட்டத்துக்குப் போகச் சொல்கிறேன். ஐந்தாம் செமஸ்டரில் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே! இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் ஏதாவது ஒரு பட்டறையிலோ ஆலையிலோ ஒரு நாள் முழுக்க நின்று, எது எப்போது நிற்கிறது என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் புராஜெக்ட்டின் முதல் பக்கம் அதுதான்.